திருத்தி எழுதப்படும் வரலாறு: அமெரிக்கத் தொலைக்காட்சியின் நெடுங்கால வரலாற்று ஆவணத் தொடர்கள்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து ஒளிபரப்பாகிவரும் வரலாற்று ஆவணத் தொடர்கள் பெரும்பாலும் தனித்தனிப் படங்களாகவே திறனாயப்பட்டு வந்துள்ளன. ஒரே நிகழ்வு வெவ்வேறு காலங்களில் மீண்டும் மீண்டும் சொல்லப்படுவதை ஒரு பனுவலின் அடுத்தடுத்த பதிப்புகளாகக் கொண்டு ஒப்புநோக்கினால்தான் இத்தொடர்களின் இயல்பு விளங்கும் என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது. ‘தி சிவில் வார்’, ‘ஐஸ் ஆன் தி பிரைஸ்’, ‘அமெரிக்கன் எக்ஸ்பீரியன்ஸ்’, ‘தி வார்’ ஆகிய தொடர்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. நெடுந்தொடரின் தலையாய மதிப்பு, தன் முந்தைய கூற்றைத் தானே திருத்திக்கொள்ளும் ஆற்றலில் உள்ளது என்பதும், அவ்வாற்றல் உரிமம், காப்பகம், பொதுநிதி ஆகிய மூன்றையும் சார்ந்து நிற்கிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச் சொற்கள்: ஆவணத் தொடர், பொது ஒளிபரப்பு, எடுத்துரைப்புக் குரல், சாட்சியம், பதிப்புரிமை, வரலாற்று நினைவு.

முன்னுரை

ஒரு நாட்டின் கடந்த காலத்தைப் பெருந்திரளான மக்கள் எவ்வழியே அறிகின்றனர் என்னும் வினாவுக்கு, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி அமெரிக்காவைப் பொறுத்தவரை, தொலைக்காட்சியைத் தவிர்த்து விடை கூற இயலாது. பல்கலைக்கழக அச்சகங்கள் வெளியிடும் வரலாற்று நூலொன்று சில ஆயிரம் வாசகரைச் சென்றடைகிறது. 1990 செப்டம்பரில் ஐந்து இரவுகள் தொடர்ந்து ஒளிபரப்பான கென் பேர்ன்ஸின் ‘தி சிவில் வார்’ தொடரை ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் பார்த்தனர். இந்த அளவு வேறுபாடே ஆவணத் தொடர்களை வரலாற்றெழுதியலின் ஒரு கூறாகக் கருதி ஆராய வேண்டிய தேவையை உண்டாக்குகிறது.

இத்துறைத் திறனாய்வு இதுவரை இருவழிகளில் நிகழ்ந்துள்ளது. வரலாற்றாசிரியர்கள் ஒரு படத்தில் உள்ள தகவற்பிழைகளையும் விடுபாடுகளையும் சுட்டினர். திரைப்படத் திறனாய்வாளர்கள் உத்தி, குரல், படத்தொகுப்பு ஆகியவற்றை விளக்கினர். பில் நிக்கல்ஸ் 1983இல் முன்வைத்த ‘ஆவணப்படத்தின் குரல்’ என்னும் கருத்தாக்கம் இரண்டாம் வழிக்கு அடிப்படையாயிற்று. இவ்விரு வழிகளும் தனிப்படத்தையே அலகாகக் கொண்டவை. நெடுந்தொடரோ ஆண்டுக்கணக்கில் வளர்வது. சொன்னதையே வேறு வகையில் சொல்வது. பழைய படத்தைப் புதிய தலைப்பின்கீழ் மறுஒளிபரப்புச் செய்வது. ஆகவே அதனைப் படிக்கும் முறையும் வேறாதல் வேண்டும். ஒரே பாடலின் பல சுவடிகளையும் பதிப்புகளையும் ஒப்பிட்டு, எச்சொல் எப்பொழுது நுழைந்தது, எது விடுபட்டது என்று காணும் முறை தமிழாய்வாளர்க்குப் பழகிய ஒன்று. அம்முறையே இங்குப் பின்பற்றப்படுகிறது.

தொடக்ககாலத் தொடர்களும் மறைந்திருந்த குரல்களும்

1952, 1953ஆம் ஆண்டுகளில் என்.பி.சி. ஒளிபரப்பிய ‘விக்டரி அட் சீ’ அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றுத் தொடர்களின் முதல் பெருமுயற்சி. இரண்டாம் உலகப் போரின் கடற்போர்களை 26 பகுதிகளில் அது விவரித்தது. போர்க்களத்தில் எடுக்கப்பட்ட படச்சுருள்கள், ரிச்சர்ட் ராட்ஜர்ஸின் இசை, லெனர்ட் கிரேவ்ஸின் கம்பீரமான எடுத்துரைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே அதன் வடிவம். படத்தில் ஆயிரக்கணக்கான வீரர்கள் தோன்றுகின்றனர். அவர்களுள் ஒருவரும் பேசுவதில்லை. திரைக்கு வெளியிலிருந்து ஒலிக்கும் ஒற்றைக் குரலே எல்லாவற்றையும் அறிந்ததாய், எல்லார்க்கும் பொருள் உரைப்பதாய் அமைகிறது. ஆவணப்படத் திறனாய்வாளர் ‘கடவுளின் குரல்’ எனக் குறிப்பது இதனையே.

சி.பி.எஸ். 1953 முதல் 1957 வரை ஒளிபரப்பிய ‘யூ ஆர் தேர்’ இதற்கு நேர்மாறான வடிவத்தைக் கொண்டது. வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்கு வந்த இத்தொடரில், இக்காலச் செய்தியாளர்கள் கடந்த கால நிகழ்விடத்திற்கே சென்று அங்குள்ளோரை நேர்காண்பதுபோல் நடிக்கப்பட்டது. வால்டர் குரோன்கைட் தொகுத்து வழங்கினார். சாக்ரட்டீசின் இறப்பு, கலிலியோ எதிர்கொண்ட நெருக்கடி, சேலம் சூனியக்காரி விசாரணைகள் போன்றவை நிகழ்ச்சிப் பொருள்களாயின. இவற்றை எழுதியவர்கள் ஏபிரகாம் பொலான்ஸ்கி, வால்டர் பெர்ன்ஸ்டைன், ஆர்னல்ட் மனாஃப் ஆகியோர். மூவரும் மக்கார்த்தி காலக் கம்யூனிச எதிர்ப்பு அலையில் கறுப்புப் பட்டியலில் இடப்பட்டவர்கள். வேறொருவர் பெயரை முன்னிறுத்தியே எழுத முடிந்தவர்கள். கருத்துக்காகத் தண்டிக்கப்பட்டோரின் கதைகளை, கருத்துக்காக வேலையிழந்தோர் மறைபெயரில் எழுதினர் என்பது அத்தொடருக்கு இரட்டைப் பொருளை அளிக்கிறது.

இவ்விரு தொடர்களும் வணிகத் தொலைக்காட்சியின் படைப்புகள். 1957 முதல் 1966 வரை குரோன்கைட் வழங்கிய ‘தி டுவென்டியத் செஞ்சுரி’ புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்தின் ஆதரவில் நடைபெற்றது. ஆதரவாளர் விலகினால் தொடரும் முடியும் என்பதே வணிக ஒளிபரப்பின் விதி. 1967ஆம் ஆண்டின் பொது ஒளிபரப்புச் சட்டம் வேறொரு வழியைத் திறந்தது. அச்சட்டத்தின்வழிப் பொது ஒளிபரப்புக் கழகம் உருவாயிற்று, 1970இல் பி.பி.எஸ். ஒளிபரப்பைத் தொடங்கியது. வரலாற்றுத் தொடர் ஒன்று பதிற்றாண்டுகளைக் கடந்து நீடிப்பதற்கான களம் இங்குதான் அமைந்தது. பாஸ்டனின் டபிள்யூ.ஜி.பி.எச். நிலையம் தயாரித்த ‘அமெரிக்கன் எக்ஸ்பீரியன்ஸ்’ 1988 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கம் குறித்த படத்துடன் தொடங்கியது. ஜூடி கிரைட்டன் அதன் முதல் நிர்வாகத் தயாரிப்பாளர். முந்நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டதாக அது பின்னர் வளர்ந்தது.

உள்நாட்டுப் போர்: ஒரு பதிப்பும் அதன் மறுப்பும்

‘தி சிவில் வார்’ ஒன்பது பகுதிகளாக, பதினொரு மணிநேரத்திற்கு மேல் நீள்வது. அசையாப் புகைப்படத்தின்மேல் மெல்ல நகரும் படக்கருவி, நடிகர்கள் வாசிக்கும் கடிதங்கள், டேவிட் மெக்கல்லோவின் நிதானமான எடுத்துரைப்பு, ‘அஷோகன் ஃபேர்வெல்’ என்னும் வயலின் இசை ஆகியவை சேர்ந்து துயரம் தோய்ந்த ஓர் உணர்வுநிலையை உருவாக்குகின்றன. அவ்விசை போர்க்காலத்தது என்றே பலர் எண்ணினர். அது ஜே அங்கர் 1982இல் இயற்றியது. இச்சிறு செய்தி தொடரின் தன்மையைக் காட்டப் போதுமானது. பழமையின் உணர்வைத் தருவது எதுவோ அது பழமையினது என்று பார்வையாளர் நம்பும்படி படைப்பு அமைந்துள்ளது.

கடிதங்களை வாசித்தல் என்னும் உத்தி ஒற்றைக் குரலின் ஆட்சியைத் தளர்த்தியது உண்மை. எனினும் கடிதம் எழுதவும் அது காக்கப்படவும் வாய்ப்புப் பெற்றோரின் குரலே அதில் மிகுதியாக ஒலிக்க முடியும். எழுத்தறிவு பெறுவது பல தென் மாநிலங்களில் அடிமைப்பட்டோர்க்குச் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. ஆகவே, காப்பகத்தின் சமனின்மை உத்தியின் வழியே படத்தின் சமனின்மையாக மாறுகிறது. கறுப்பினத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸின் சொற்கள் தொடரில் வலிமையுடன் இடம்பெறுவது இந்த இடைவெளியைக் குறைக்கிறது, நிரப்பிவிடவில்லை.

நேர்காணல்களிலும் இச்சமனின்மை தொடர்கிறது. தென்பகுதி நாவலாசிரியரும் போர் வரலாற்று நூலாசிரியருமான ஷெல்பி ஃபுட் தொடர் முழுவதும் மிகப் பல இடங்களில் தோன்றுகிறார். கொலம்பியா பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் பார்பரா ஃபீல்ட்ஸ் அவரினும் மிகக் குறைவாகவே தோன்றுகிறார். சமரசம் செய்துகொள்ளத் தவறியதே போருக்குக் காரணம் என்கிறார் ஃபுட். போரின் மையம் அடிமைமுறையே என்றும், அப்போர் இன்னும் முடியவில்லை, இன்னும் தோற்கப்படக்கூடும் என்றும் கருத்துரைக்கிறார் ஃபீல்ட்ஸ். இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பவை. தொடர் அவற்றை மோதவிடாமல் அருகருகே வைத்து, கெட்டிஸ்பர்க் களத்தில் முதிய வீரர்கள் இரு தரப்பிலிருந்தும் வந்து கூடிய பிற்காலப் படக்காட்சிகளை இறுதியில் காட்டி, இணக்கத்தின் சுவையோடு முடிகிறது.

1996இல் ராபர்ட் டோப்லின் பதிப்பித்த திறனாய்வுத் தொகுப்பில் எரிக் ஃபோனர், லியோன் லிட்வாக் முதலிய வரலாற்றாசிரியர்கள் இந்த முடிவையே கடுமையாக வினவினர். வெள்ளையரிடையே ஏற்பட்ட இணக்கத்திற்கு விலையாகக் கொடுக்கப்பட்டது விடுதலைபெற்ற கறுப்பின மக்களின் குடியுரிமை என்பது அவர்தம் வாதத்தின் சாரம். போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக் காலம் தொடரில் ஏறத்தாழ இல்லை என்பதே பெரிய விடுபாடு.

இந்த விடுபாட்டை நிரப்பியது அதே பொது ஒளிபரப்பின் மற்றொரு தொடர். ‘அமெரிக்கன் எக்ஸ்பீரியன்ஸ்’ 2004இல் வெளியிட்ட ‘ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்: தி செகண்ட் சிவில் வார்’ என்னும் இரு பகுதிப் படம் தலைப்பிலேயே முந்தைய தொடருக்கு மறுமொழி கூறுகிறது. ஜார்ஜியாவில் விடுதலைபெற்றோரின் தலைவராக எழுந்த டியூனிஸ் கேம்பல், லூசியானாவில் குடியேறிய வடபகுதி அதிகாரி மார்ஷல் டுவிச்செல், தந்தையின் தோட்டத்தை மீட்க வந்த ஃபிரான்சிஸ் பட்லர் ஆகியோரின் வாழ்க்கைகள் அதில் பின்னப்படுகின்றன. போர் 1865இல் முடியவில்லை, வடிவம் மாறித் தொடர்ந்தது என்பதே அதன் கூற்று. ஃபீல்ட்ஸ் 1990இல் சொன்னதும் தொடரின் கட்டமைப்பு ஏற்காததுமான கருத்து, பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் மற்றொரு படத்தின் மையமாகிறது. பாடவேறுபாடு மூலபாடமாக உயர்வதற்கு ஒப்பான நிகழ்வு இது.

ஆயினும் இரு பதிப்புகளும் சமமான வாழ்வைப் பெறவில்லை. 2015இல் ‘தி சிவில் வார்’ உயர்துல்லியத்தில் மீட்டெடுக்கப்பட்டு மறுஒளிபரப்பாயிற்று. படத்தின் கீறல்கள் நீக்கப்பட்டன. வாதம் முன்போலவே இருந்தது. 2017 அக்டோபரில் வெள்ளை மாளிகையின் பணியாளர் தலைவராயிருந்த ஜான் கெல்லி, சமரசம் செய்ய இயலாமையே உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்று கூறியபோது, அக்கூற்றுக்கும் ஃபுட்டின் கூற்றுக்கும் உள்ள ஒப்புமையைப் பலர் சுட்டினர். தொலைக்காட்சித் தொடரின் ஒரு வரி அரசியற் பொதுப்புத்தியாக நிலைபெறக்கூடும் என்பதற்கும், திருத்தப்பதிப்பு வெளிவந்துவிட்டது என்பதனாலேயே முதற்பதிப்பு வழக்கொழிந்துவிடாது என்பதற்கும் இது சான்று.

எம்மெட் டில்: சாட்சியின் வலிமையும் வரம்பும்

ஹென்றி ஹாம்ப்டன் பாஸ்டனில் நிறுவிய பிளாக்சைட் நிறுவனம் ‘ஐஸ் ஆன் தி பிரைஸ்’ தொடரைத் தயாரித்தது. 1987இல் ஆறு பகுதிகளும் 1990இல் எட்டுப் பகுதிகளும் ஒளிபரப்பாயின. குடியுரிமைப் போராட்டத்தில் தாமே பங்கேற்ற ஜூலியன் பாண்ட் அதன் எடுத்துரைப்பாளர். பங்கேற்றோரே பேசுதல் வேண்டும் என்பது இத்தொடரின் நெறி. ஆகவே எடுத்துரைப்பு சுருங்கியது, சாட்சியம் விரிந்தது.

முதற்பகுதி 1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட பதினான்கு வயதுச் சிறுவன் எம்மெட் டில்லின் வழக்கிலிருந்து தொடங்கி, மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்புக்குச் செல்கிறது. டில்லின் இறப்பு இங்கு ஒரு பேரியக்கத்தின் முன்னுரையாக அமைகிறது. 2003 சனவரியில் ‘அமெரிக்கன் எக்ஸ்பீரியன்ஸ்’ ஒளிபரப்பிய ஸ்டான்லி நெல்சனின் ‘தி மர்டர் ஆஃப் எம்மெட் டில்’ அதே நிகழ்வுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரத்தை ஒதுக்குகிறது. மகனின் உடலைத் திறந்த பேழையில் வைத்து உலகிற்குக் காட்டிய தாய் மேமி டில்-மோப்லியின் குரல் அதன் மையமாகிறது. ஒளிபரப்புக்குச் சில நாள்களுக்கு முன் அவர் காலமானார். முன்னுரையாக இருந்த நிகழ்வு தனிநூலாக விரிந்ததோடு, இயக்கத்தின் தொடக்கம் ஒரு தாயின் தீர்மானத்தில் உள்ளது என்று காரணகாரியமும் மாற்றி அமைக்கப்பட்டது.

இப்படமும் கீத் போச்சம்பின் ஆவணப்பட முயற்சியும் எழுப்பிய பொதுக்கவனத்தின் பின்னணியில், 2004 மே மாதத்தில் அமெரிக்க நீதித்துறை இவ்வழக்கை மீண்டும் விசாரணைக்கு எடுத்தது. 2007இல் மிசிசிப்பிப் பெருநடுவர் குழு யார்மீதும் குற்றஞ்சாட்ட மறுத்தது. நீதி கிட்டவில்லை எனினும், ஆவணப்படம் வரலாற்றைக் கூறுவதோடு நில்லாமல் வரலாற்றில் தலையிடவும் கூடும் என்பது இதனால் தெளிவாகிறது.

இவ்விடத்தில் சாட்சியத்தின் வரம்பையும் கருத வேண்டும். 1987ஆம் ஆண்டுத் தொடரில் டில்லின் உறவினர் ஒருவர் கடைமுன் நிகழ்ந்தது பற்றி அளித்த விவரிப்பு பரவலாக எடுத்தாளப்பட்டது. சம்பவ வேளையில் அவர் அங்கில்லை என்று, உடனிருந்த மற்றோர் உறவினர் பின்னர் மறுத்துரைத்தார். எடுத்துரைப்பாளரின் குரலை ஐயுறக் கற்ற பார்வையாளர், பாதிக்கப்பட்ட குடும்பத்தாரின் குரலை ஐயுறத் தயங்குவர். அத்தயக்கம் மனிதத்தன்மையினது, ஆயினும் ஆய்வுக்கு ஊறு செய்வது. சாட்சியைச் சாட்சியால் திருத்துவதற்குக் காலமும் மற்றொரு படமும் தேவைப்படுகின்றன.

நெல்சனின் ‘ஃபிரீடம் ரைடர்ஸ்’ (2011) எடுத்துரைப்பாளரை முற்றிலும் நீக்கியது. 1961ஆம் ஆண்டுப் பேருந்துப் பயணிகளோடு, அன்றைய அலபாமா ஆளுநர் ஜான் பேட்டர்சனும் அதில் பேசுகிறார். அதிகாரத்தில் இருந்தவரும் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுகிறார். எனினும் குரல் மறைந்ததால் தேர்வு மறைந்துவிடவில்லை. எச்சொல்லுக்குப் பின் எச்சொல் வரவேண்டும் என்று தீர்மானிக்கும் படத்தொகுப்பே அங்குப் பேசாத எடுத்துரைப்பாளராக நிற்கிறது.

பின்னிணைப்பாக நின்ற திருத்தம்

எல்லாத் திருத்தமும் ஒரே தரத்தினதன்று. கென் பேர்ன்ஸும் லின் நோவிக்கும் இயக்கிய ‘தி வார்’ (2007) இரண்டாம் உலகப் போரை ஏழு பகுதிகளில் கூறியது. ஒளிபரப்புக்கு முன்பே, இலத்தீன் அமெரிக்க மரபினரான வீரர் ஒருவர்கூட அதில் இடம்பெறவில்லை என்று எதிர்ப்பு எழுந்தது. விளைவாக இலத்தீன் மரபினர் இருவர், அமெரிக்கப் பழங்குடி வீரர் ஒருவர் ஆகியோரின் நேர்காணல்கள், மொத்தம் அரைமணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக, சேர்க்கப்பட்டன.

பொதுநிதியால் இயங்கும் ஒளிபரப்பு மக்களுக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டது என்பதை இந்நிகழ்வு நிறுவியது. ஆனால் அந்நேர்காணல்கள் முன்பே முடிக்கப்பட்ட பகுதிகளின் இறுதியில் ஒட்டப்பட்டன, கதையோட்டத்தில் கலக்கவில்லை. விடுபட்டோர் உள்ளே வந்தனர்; அவர்தம் வருகையால் கதை மாறவில்லை. சுவடியின் ஓரத்தில் எழுதப்பட்ட குறிப்புப்போல் அவை நிற்கின்றன. 2004ஆம் ஆண்டின் ‘ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்’ செய்த திருத்தம் முழுக் கதையையும் புதிதாக வரைந்தது. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பது திறனாய்வின் கடமை.

உரிமம் முடிந்தால் வரலாறும் மறையும்

அச்சு நூலின் முதற்பதிப்பு விற்றுத்தீர்ந்தாலும் நூலகத்தில் கிடைக்கும். ஒளிபரப்புத் தொடருக்கு அவ்வுறுதி இல்லை. ‘ஐஸ் ஆன் தி பிரைஸ்’ தொடரில் பல நூறு செய்திப்படத் துண்டுகளும் புகைப்படங்களும் பாடல்களும் பயன்படுத்தப்பட்டுள்ளன. நிதிப் பற்றாக்குறையால் அவற்றுட் பலவற்றிற்குச் சில ஆண்டுகளுக்கான உரிமமே பெறப்பட்டிருந்தது. 1990களின் நடுப்பகுதியில் உரிமங்கள் காலாவதியாகத் தொடங்கின. தொடரை ஒளிபரப்பவும் புதிய படிகளை விற்கவும் இயலாத நிலை ஏற்பட்டது. ஹாம்ப்டன் 1998இல் மறைந்தார். மார்ட்டின் லூதர் கிங்கிற்குப் பிறந்தநாள் வாழ்த்துப் பாடும் காட்சி ஒன்று தொடரில் உண்டு. அவ்வாழ்த்துப் பாடலும் அப்போது உரிமக் கட்டணத்திற்கு உட்பட்டதாகக் கருதப்பட்டது.

ஃபோர்டு அறக்கட்டளை முதலியோரின் நிதியுதவியால் உரிமங்கள் புதுப்பிக்கப்பட்டு, 2006இல் முதல் ஆறு பகுதிகள் ‘அமெரிக்கன் எக்ஸ்பீரியன்ஸ்’ வரிசையில் மறுஒளிபரப்பாயின. மக்கள் தெருவில் நிகழ்த்திய போராட்டம் படமாக்கப்பட்ட கணத்திலேயே தனியார் உடைமையாகிவிடுவதும், அம்மக்களின் பேரப்பிள்ளைகள் அதனைக் காண அறக்கட்டளைகள் பணம் செலுத்த வேண்டியிருப்பதும் இங்கு வெளிப்படும் முரண். படத்தில் இடம்பெறாத பகுதிகளையும் உள்ளடக்கிய முழு நேர்காணல்கள் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹாம்ப்டன் தொகுப்பில் பாதுகாக்கப்படுகின்றன. ஒளிபரப்பான படம் ஒரு பதிப்பு எனில், இத்தொகுப்பே அதன் மூலச்சுவடி. எதிர்காலத் திருத்தங்களுக்கு ஆதாரமாவதும் அதுவே.

நீடிப்பின் விலை

திருத்தம் நிகழ்வதற்குத் தொடர் நீடிக்க வேண்டும். வணிக அலைவரிசைகளில் அந்நீடிப்பு எத்தகையது என்பதை 1995இல் தொடங்கப்பட்ட ஹிஸ்டரி சேனல் காட்டுகிறது. பெயரில் வரலாற்றைக் கொண்ட அவ்வலைவரிசை, இரண்டாயிரத்திற்குப் பிந்தைய ஆண்டுகளில் அடகுக்கடை, பனிச்சாலை லாரி ஓட்டுநர், வேற்றுக்கோளினர் குறித்த நிகழ்ச்சிகளின் களமாக மாறியது. அலைவரிசை நீடித்தது, அதன் பொருள் மாறியது.

பொது ஒளிபரப்பின் நெருக்கடி வேறு வகையினது. பொது ஒளிபரப்புக் கழகத்திற்கு இரு நிதியாண்டுகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 110 கோடி டாலரை 2025 சூலையில் இயற்றப்பட்ட சட்டம் திரும்பப் பெற்றது. ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் கழகம் தன் பணிகளை முடித்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது. ‘அமெரிக்கன் எக்ஸ்பீரியன்ஸ்’ தொடரின் புதிய படங்களின் தயாரிப்பும் நிறுத்திவைக்கப்பட்டது.

இதன் விளைவைத் தனிப்படங்களின் எண்ணிக்கை கொண்டு அளத்தல் போதாது. கென் பேர்ன்ஸ் போன்ற புகழ்பெற்ற இயக்குநர் தனியார் நன்கொடையைத் திரட்டிக்கொள்ளக்கூடும். ‘தி சிவில் வார்’ தொடரே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆதரவைப் பெற்றது. ஏற்கெனவே சொல்லப்பட்ட ஒன்றைத் திருத்திச் சொல்ல வரும் படத்திற்கு, புகழ்பெறாத இயக்குநரின் மறுப்புரைக்கு, அத்தகைய ஆதரவு எளிதிற் கிட்டுவதில்லை. நிதி வற்றும்போது பழைய பதிப்புகளின் மறுஒளிபரப்பே எஞ்சும். அதாவது, முதற்பதிப்பு நிலைக்கும், திருத்தப்பதிப்பு வாராது.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, ஒற்றை எடுத்துரைப்பிலிருந்து சாட்சியத்திற்கு நகர்ந்த மாற்றத்தை வளர்ச்சி என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. ஒவ்வொரு வடிவமும் தனக்கே உரிய மறைப்பைக் கொண்டுள்ளது. இரண்டாவதாக, திருத்தம் என்பது ஒட்டாகவும் அமையலாம், மறுபுனைவாகவும் அமையலாம். விடுபட்டோரைச் சேர்ப்பதால் மட்டுமே வரலாறு திருந்திவிடாது. மூன்றாவதாக, தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆற்றல் தனியொரு படைப்பாளியின் நேர்மையால் மட்டும் வருவதன்று. பழைய படத்தைக் காட்ட உரிமமும், விடுபட்ட குரலைத் தேடக் காப்பகமும், மறுத்துச் சொல்ல நிதியும் வேண்டும்.

1990இல் பார்பரா ஃபீல்ட்ஸ் கூறிய கருத்தை ஒரு முழுப் படமாக விரித்துரைக்க பொது ஒளிபரப்பு பதினான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அப்பதினான்கு ஆண்டுகள் அதற்கு வாய்த்திருந்தன. இன்று விடுபட்டிருக்கும் கூற்றுகளுக்கு அத்தகைய காலம் வாய்க்குமா என்பதே நெடுந்தொடர்களின் எதிர்காலம் குறித்த மைய வினாவாகிறது.